வண்ணமும் இழையும்: ஆக்கக்கலை பயில விழைவோர்க்கு ஒரு பாடம்

நமது தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலரில் இலக்கணம் அல்லது இலக்கியம் பற்றிய பாடக் கட்டுரை இடம்பெறுவதே வழக்கம். இம்முறை வழக்கத்திலிருந்து சற்று விலகி, வண்ணம், ஆடை, அணிவேலை என்பன பற்றி எழுத முற்படுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. மேல் வகுப்புப் பிள்ளைகளுட் சிலர், பள்ளிப் படிப்பு நிறைவுற்றதும் ஆடை வடிவமைப்பு, துணி வடிவமைப்பு முதலிய துறைகளுக்குச் செல்ல விரும்புகின்றனர். ஒருவர் ஏற்கெனவே சென்றுவிட்டார். பெற்றோர் பலர்க்கு இது கவலையைத் தந்துள்ளது. "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தாயொருவர் நம்மிடம் கேட்டார். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

நாம் வாழும் கார்ஹிங் நகரை எண்ணிப் பாருங்கள். 1957 இல் இயங்கத் தொடங்கி 2000 இல் ஓய்வு பெற்ற அணு ஆய்வு உலையின் முட்டை வடிவக் கூரை, நகரச் சின்னத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அதனைச் சூழ ஆய்வு நிலையங்களும், முன்சன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீடங்களும் எழுந்தன. நாள்தோறும் காலையில் யு6 வண்டியிலிருந்து இறங்கும் பொறியியல் மாணவர் கூட்டத்தைக் காணும் தாய்தந்தையர், தம் பிள்ளையும் அக்கூட்டத்தில் ஒருவராக வேண்டும் என விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் துணியும் வண்ணமும் படிக்கப் போகும் பிள்ளை எளிய படிப்பைத் தேடிப் போகின்றது என்று எண்ணுவோமாயின், அது அத்துறையை அறியாத எண்ணமாகும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அத்துறைக்குச் சென்ற நம் மாணவி விடுமுறையில் வந்தபோது, தம் வரைநூலைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன: இராசத்தான் ஆடை, யப்பானியக் கிண்ணம், மயிலிறகு, கோயிற் கோபுரம், நடிகை ஒருவரின் சேலை. இவையே தமது 'இன்ஸ்பிரட்சியோன்' என்றார். இச்சொல்லுக்கு அகத்தூண்டல் என்பதை நேர்ச்சொல்லாகக் கொள்வோம். அந்தச் சேலையின் கரை எவ்வாறு நெய்யப்பட்டது என வினவினோம். அவர்க்குத் தெரியவில்லை. தெரியாமை குற்றமன்று, ஆனால் அவ்விடத்திலேதான் இப்பாடம் தொடங்குகின்றது. கண்ணால் கண்டு வெட்டி ஒட்டுவது ஒரு தொடக்கம் மட்டுமே. ஒரு பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைக் கை அறிந்த பின்னரே, புதியதொன்றை ஆக்கும் தூண்டல் பிறக்கின்றது என்பது நமது துணிபு. இதற்குச் சான்றாக, இந்நகருக்கு அண்மையிலேயே பிறந்த மாணவி ஒருவரின் வரலாற்றைக் கூறுவோம்.

மியூனிக் என்று நாம் ஊரிலே புவியியல் நூலில் படித்த இதே முன்சன் நகரில், 1897 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5 ஆம் நாள் குந்தா ஸ்டோல்ஸ்ல் பிறந்தார். 1914 இல், பதினேழு வயதில், முன்சன் கைவினைக் கலைப் பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளியின் தலைவராக இருந்தவர் றிச்சாட் றீமர்ஷ்மிட். கண்ணாடி ஓவியம், அணி ஓவியம், மட்பாண்டம் ஆகியவற்றை அவர் அங்கே பயின்றார். அப்பொழுது நெசவு அவர் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. முதலாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1917 இலும் 1918 இலும் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாதியாகப் போர்முனை மருத்துவமனைகளிற் பணிபுரிந்தார். போர் முடிந்து பள்ளிக்குத் திரும்பியவர், 1919 இல் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியுஸ் தொடங்கிய பௌஹவுஸ் என்னும் புதிய கலைப் பள்ளியின் அறிக்கையைப் படித்தார். ஓவியனும் சிற்பியும் கைவினைஞனும் ஒரே பட்டறையில் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். குந்தா அவ்வாண்டே வைமாருக்குச் சென்றுவிட்டார்.

அங்கே முதலில் யொஹானஸ் இட்டென் என்பாரின் அடிப்படை வகுப்பு. அவ்வகுப்பில் மாணவர் எதனையும் உடனே 'வடிவமைக்க' விடப்படவில்லை. மரம், கம்பளி, கண்ணாடி, கல், தகரம் முதலியவற்றைத் தொட்டும், ஒன்றன் அருகில் மற்றொன்றை வைத்தும், அவற்றின் தன்மையை உணருமாறு பயிற்றப்பட்டனர். பின்னர் ஒவ்வொருவரும் ஒரு பட்டறைக்குச் செல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் சமம் என்று கூறிய அப்பள்ளி, பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. இது நேர்மையன்று. பெருமைக்குரிய நிறுவனங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய செய்திகளையும் மறையாது படித்தல் வேண்டும். ஆயினும் தமக்கு ஒதுக்கப்பட்ட அந்த மூலையை அப்பெண்கள் என்னவாக மாற்றினர் என்பதே நாம் காண வேண்டியது.

நெசவின் நுட்பங்களைச் செவ்வனே கற்பிக்க அங்கு போதிய வசதி இருக்கவில்லை. மாணவியர் தாமே பாவு ஓட்டியும், அறுந்த இழையை முடிந்தும், பிழைத்தும் திருத்தியும் கற்றனர். சாயத் தொழில் தெரியாமல் நெசவு நிறைவுறாது என உணர்ந்த குந்தாவும் அவர் தோழி பெனிட்டா ஒட்டேயும், 1922 இல் துணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கிறேஃபெல்ட் நகருக்குச் சென்று சாயமிடும் பயிற்சி பெற்றனர். திரும்பி வந்து பள்ளியின் சாயப் பட்டறையை மீண்டும் இயங்கச் செய்தனர். 1924 இல் மறுபடியும் அந்நகருக்குச் சென்று பட்டு நெசவைக் கற்றனர். கலைப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, இனித் தாள் மேல் படம் வரைந்தாற் போதும் என அவர்கள் இருந்துவிடவில்லை.

அவருடைய இரண்டு ஆக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் கூற வருவது விளங்கும். 1921 இல் மார்செல் புரொயர் என்னும் இளம் மாணவர் மரத்தால் ஓர் உயர்ந்த இருக்கை செய்தார். குந்தா அதற்குத் துணி நெய்தார். 'ஆபிரிக்க நாற்காலி' என அது பெயர் பெற்றது. நெடுங்காலம் காணாமற் போயிருந்த அந்நாற்காலி 2004 இல் பேர்லின் பௌஹவுஸ் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. தொலைவில் உள்ளோர் கலையைப் படத்திலும் காட்சிச்சாலையிலும் கண்டு வியந்து பெயர் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் இருந்தது. அந்தப் பெயரில் நமக்கு அத்துணை உவப்பில்லை. நம் மாணவியின் வரைநூலைப் போன்றதே அதுவும். அந்நாற்காலியின் மேன்மை பெயரில் இல்லை. நாற்காலிச் சட்டத்தில் துளைகளிட்டு, அச்சட்டத்தையே தறியாகக் கொண்டு, இழைகளை நேரே அதில் கோத்து நெய்தாரே, அங்கேதான் இருக்கின்றது.

மற்றையது 1928 இல் நெய்யப்பட்ட 'ஐந்து கோர்' என்னும் சுவர்த் திரை. இன்று லூபெக் நகரின் புனித அன்னாள் அருங்காட்சியகத்தில் உள்ளது. 'கோர்' என்னும் ஜேர்மன் சொல் பாடகர் குழுவைக் குறிக்கும். நெசவாளர் வழக்கிலோ, ஜக்கார்டு தறியில் ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வருமாறு இழைகளைப் பகுக்கும் பிரிவுக்கு அதுவே பெயர். அத்தறி தானாகவே கோலத்தைத் திருப்பியும் எதிரொளித்தும் தரும் இயல்பை அவர் தடையெனக் கொள்ளவில்லை. அவ்வியல்பிலிருந்தே கோலத்தைப் பிறப்பித்தார். வண்ணங்கள் ஒரே கோலத்தின் மேல் இடந்தோறும் மாறி, பலர் சேர்ந்து பாடுவது போல் ஒலிக்கின்றன. இதற்குத் தூண்டல் எங்கிருந்து வந்தது? எந்தப் படத்திலிருந்தும் அன்று. தறியின் உள்ளிருந்தே வந்தது. ஏழாண்டுக் கைப்பழக்கம் இல்லாத ஒருவர்க்கு அது வந்திராது.

1925 இல் பள்ளி டெசாவ் நகருக்கு இடம்பெயர்ந்தபோது பட்டறையின் தொழில்நுட்பப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1927 இல் பட்டறைத் தலைவரானார். பௌஹவுசில் பட்டறை ஆசான் நிலைக்கு உயர்ந்த முதற் பெண் அவரே. அவர் தலைமையில் நெசவு மாணவியர் கணிதமும் பொருள்களின் இயல்பும் பயின்றனர். பஞ்சு, பட்டு, கம்பளி ஆகியவற்றோடு செலோஃபேன் போன்ற புதுப் பொருள்களையும் தறியில் ஏற்றினர். அப்பட்டறையின் மாணவியான அன்னி அல்பேர்ஸ், பேர்னாவ் நகர்ப் பள்ளி ஒன்றின் மண்டபத்துக்காக, ஒரு முகம் ஒளியைத் தெறிக்கவும் மறுமுகம் ஒலியை உறிஞ்சவும் வல்ல திரைத்துணியை நெய்து 1930 இல் தகைமைச் சான்று பெற்றார். துணி வடிவமைப்பு என்பது பூப்போட்ட துணி வரைவது மட்டுமே என எண்ணும் பெற்றோர் இச்செய்தியை மீளவும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகின்றோம். கார்ஹிங் ஆய்வுகூடங்களில் நடைபெறுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் நாம் எண்ணுவது போல் அத்துணை நெடிதன்று.

அவர் வாழ்வின் அடுத்த ஏடு நமக்குப் பழகிய ஏடு. 1929 இல் அரியே ஷரோன் என்னும் யூத மாணவரை மணந்தார். அதனால் ஜேர்மன் குடியுரிமையை இழந்தார். நாற்சி எண்ணம் மாணவரிடையேயும் பரவி, அவருடைய கதவில் சுவஸ்திகா வரையப்பட்டது. 1931 இல் கைக்குழந்தையுடன் பதவியைவிட்டு விலகிச் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். சூரிச்சில் இரு நண்பர்களோடு சேர்ந்து கைத்தறிப் பட்டறை ஒன்றை நிறுவினார். அவர் விலகிய இரண்டாம் ஆண்டில், 1933 இல், பௌஹவுசே மூடப்பட்டது. குந்தா பல இடர்களுக்கிடையே 1967 வரை பட்டறை நடத்தினார். பின்னரும் தமக்கெனச் சுவர்த் திரைகள் நெய்துகொண்டிருந்தார். 1983 இல் காலமானார். நாட்டைவிட்டுப் போனபோது அவருடன் போனது அவர் கையிலிருந்த தொழிலே.

இனி, அவர் கிறேஃபெல்டுக்குப் போய்க் கற்ற சாயத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். வண்ணத்தின் வரலாறு நம் ஊரையும் இந்த ஊரையும் நேரே இணைக்கின்றது.

யாழ்ப்பாணம், மன்னார்க் கரையோர மணல் நிலங்களில் சாயவேர் எனப்படும் சிறு பூண்டு வளரும். இம்பூறல் என்பதும் அதற்குப் பெயர். அதன் மெல்லிய வேரின் பட்டையில் சிவப்புச் சாயம் உள்ளது. ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேர் அரசின் தனியுரிமைப் பண்டமாக இருந்தது. அதனைத் தோண்டிக் கொடுப்பதைக் கடமையாகச் சுமந்த குடிகளும் இருந்தனர். துணியில் படிகாரக் கரைசலாற் கோலம் எழுதி, சாயவேர் இட்ட நீரிற் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். ஏனைய இடங்களிலிருந்து கழுவக் கழுவப் போய்விடும். நீலம் வேண்டாத இடத்தில் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். இவ்வாறு சோழமண்டலக் கரையில் ஆன துணிகளே 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மாளிகைகளில் சன்னலுக்கும் கட்டிலுக்கும் சென்றன. வெயிலிலும் நீரிலும் வெளிறாத அவ்வண்ணத்தின் மறைபொருளை அறிய ஐரோப்பியர் பெரிதும் முயன்றனர். நம் பாட்டிமார் 'சீத்தை' என்று மலிவான பூத்துணியைக் குறிப்பார்களே, அதுவும் ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் 'சின்ட்ஸ்' என்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். அரண்மனைத் துணியின் பெயர் கடைசியில் சமையலறைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது!

1868 இல் கார்ல் கிரேபே, கார்ல் லீபர்மன் என்னும் இருவர், சாயவேரிலும் மஞ்சிட்டி இனத்து வேர்களிலும் உள்ள அலிசாரின் என்னும் சிவப்பு நிறமியைப் பேர்லினில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருள் கொண்டு ஆய்வுகூடத்தில் ஆக்கினர். இவர்கள் அடோல்ஃப் ஃபொன் பையர் என்னும் பேராசானின் ஆய்வுகூடத்தில் பணியாற்றியோர். பையர் 1875 இல் முன்சன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நீல நிறமியை ஆக்கும் வழியையும் அதன் அமைப்பையும் ஆராய்ந்து கண்டார். 1905 இல் நோபல் பரிசு பெற்றார். 1897 இல் செயற்கை நீலம் ஜேர்மன் தொழிற்சாலையிலிருந்து சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே இந்திய நீல வணிகம் சரிந்தது. பீகாரின் சம்பாரண் பகுதியில் நீலத் தோட்டத் துரைமார் தம் நட்டத்தைக் குத்தகை உயர்வாகக் குடியானவர் தலையில் ஏற்றினர். 1917 இல் காந்தியடிகள் அங்கே சென்றதன் பின்னணியில் இந்த முன்சன் ஆய்வுகூடமும் உண்டு. பையரைக் குற்றவாளியாக்க நாம் விரும்பவில்லை. அவருக்குப் பின்னர் ஏழையும் நீல ஆடையை எளிதாக உடுத்த முடிந்தது. நம் பிள்ளைகளின் ஜீன்ஸ் அந்த நீலமே. வண்ணம் ஒன்றைத் தெரிவு செய்பவர் அதன் பின்னே உழைத்தவர் யார், இழந்தவர் யார் என்பதையும் அறிந்து தெரிவு செய்தல் நன்று. முற்றும் அழிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டா: தமிழ்நாட்டில் திண்டிவனத்தைச் சூழ அவுரி இன்றும் பயிராகின்றது. ஜேர்மனி, ஆஸ்திரியா முதலிய ஐந்து நாடுகளின் 'பிளௌதுருக்' என்னும் நீல அச்சுத் தொழிலை 2018 இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது. மரக்கட்டையால் பசை அச்சிட்டு நீலத்தில் அமிழ்த்தும் அம்முறை, மெழுகு பூசி அமிழ்த்தும் நம் முறையின் உறவே.

தமிழில் நிறப்பெயர்கள் பல பொருளின் பெயர்களாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? மஞ்சள் என்பது கிழங்கு. அரக்கு என்பது பூச்சி தரும் பிசின். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, வெங்காயச் சருகு என்று சேலைக்கடையில் பேசும் மொழி, எந்த வண்ணப் பட்டியலுக்கும் இளைத்ததன்று. இவற்றுள் மயில்கழுத்து தனிச்சிறப்புடையது. அது ஒரு வண்ணமே அன்று. பாவு நீலமும் ஊடை பச்சையுமாக நெய்தால், துணி அசையும்போது இரண்டும் மாறி மாறித் தோன்றும். சாயத்தொட்டியில் மயில்கழுத்தை உண்டாக்க முடியாது, தறியில்தான் உண்டாக்கலாம்.

ஒரு வண்ணம் தனித்து நிற்பதில்லை என்பதை ஐரோப்பாவில் முறையாக ஆராய்ந்தவர் ஷெவ்ரொல் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸ் நகரின் கொபெலன் திரைநெசவுச் சாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் வலுவற்றிருப்பதாக முறையீடு வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. நீலத்தையும் ஊதாவையும் அடுத்து வைத்ததால் கறுப்பு மங்கித் தோன்றியது. 1839 இல் இதனை நூலாக வெளியிட்டார். காஞ்சிபுரத்து நெசவாளர் நூல் எழுதவில்லை. ஆனால் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு அதற்கு மாறான நிறமும் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும் கலையை அறிந்திருந்தனர். அதற்கென அவர்கள் கொண்ட முறையே கோர்வை. மூன்று நாடாக்கள் ஓடும்: கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. கரை இழையும் உடல் இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நெசவாளர் ஒருபுறம் இருக்க, மறுபுறத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இருக்கையில் முன்னாளிற் சிறுவர்களை அமர்த்தினர் என்பதும் உண்மை. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் அவர்கள். அழகிய பொருளைப் போற்றும்போது இதனையும் நினைத்தல் வேண்டும். பழைய கரைகளும் வண்ணச் சேர்க்கைகளும் மறையத் தொடங்கிய காலத்தில், ருக்மிணி தேவி அருண்டேல் சென்னைக் கலாசேத்திராவில் 1937 இல் நெசவு நிலையம் தொடங்கி அவற்றுக்கு மீண்டும் வாழ்வளித்தார்.

உடைநடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஒக்டோபர் விழாக் காலத்தில் நம் பிள்ளைகளும் டிர்ண்டல் உடுத்துகின்றனர். பவேரியாவின் தொன்மையான உடை என அதனை எண்ணுகின்றோம். உண்மையில் பண்ணைப் பெண்களின் வேலை உடையை, கோடை விடுமுறைக்குச் சென்ற நகரப் பெண்கள் விரும்பி ஏற்றதால் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான புதுவழக்கம் அது. அதனை அழகிய அச்சுத் துணிகளில் வடிவமைத்துப் பரப்பியதில் பெரும் பங்கு, முன்சனில் நாட்டார்கலைக் கடை நடத்திய யூலியுஸ், மொறிற்ஸ் வல்லாக் சகோதரரைச் சாரும். அவர்கள் யூதர்கள். 1938 இல் கடை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. மொறிற்ஸ் அமெரிக்காவுக்குத் தப்பினார். தாம் பரப்பிய உடையை அணிந்தோரின் நாட்டிலேயே அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. நம் சேலையை இன்று நாம் உடுத்தும் முறையும், தைத்த இரவிக்கையும் கூட, பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியவையே. ஆகவே பிள்ளைகள் சேலைத் துணியில் புதிய சட்டை தைத்தால் பண்பாடு கெட்டுவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கத்தரி வைக்கும் முன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அணிவேலைக்கு நாம் காஞ்சிபுரம் வரை போக வேண்டியதும் இல்லை. பெட்டி, கடகம், குட்டான், நீத்துப்பெட்டி, சுளகு, தடுக்கு என்று பனையோலையால் நம் ஊரில் இழைத்தவை எத்தனை! குருத்தோலையை வார்ந்து, சிலவற்றுக்குச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயமிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றும் இரண்டுவிட்டு இரண்டுமாகப் பின்னிய கோலங்கள், தறியின் பாவும் ஊடையும் செய்யும் அதே கணக்கு. பெற்றோர் கூட்டத்தின்போது கடதாசிப் பட்டிகளைப் பின்னக் கொடுத்துப் பார்த்தோம். வடமராட்சியைச் சேர்ந்த ஒரு தாயார் பேசிக்கொண்டே சில நிமிடங்களில் மூடியோடு கூடிய பெட்டியொன்றை முடித்துவிட்டார். அருகிலிருந்த மகளுக்குப் பெரும் வியப்பு. "உங்களுக்கு இது தெரியும் என்று ஏன் சொல்லவில்லை?" என்றாள். "நீ கேட்கவில்லையே, பிள்ளை" என்றார் தாயார்.

பெற்றோர் கவனத்துக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இங்குள்ள வடிவமைப்புக் கல்லூரிகளில் சேர, சான்றிதழ் மட்டும் போதாது. 'மப்பே' எனப்படும் ஆக்கத் தொகுப்பைக் காட்ட வேண்டும். தகுதித் தேர்வும் உண்டு. பவேரியாவில் 'கெஸ்ரால்ற்றுங்' பிரிவுடைய தொழிற்சார் உயர்பள்ளிகள் வழியாகவும், தையற்கலைஞர் தொழிற்பயிற்சி வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். தொகுப்பைப் பார்ப்போர், முடிந்த அழகிய படத்தை மட்டும் தேடுவதில்லை. தோல்வியுற்ற முயற்சி, மாற்றிச் செய்த முயற்சி, பொருளைத் தொட்டு அறிந்த சுவடு ஆகியவற்றையும் தேடுகின்றனர். கணினியும் கைப்பேசியும் நொடியில் ஆயிரம் அழகிய படங்களைத் தரும் இக்காலத்தில் அச்சுவடுகளுக்கு மதிப்புக் கூடியிருக்கின்றதே அன்றிக் குறையவில்லை. வருவாய் உறுதியான துறை இது என நாம் வாக்களிக்க மாட்டோம். ஆனால் பிள்ளை வரைநூலை உங்களிடமிருந்து ஒளித்து வைக்கும் நிலை எந்த வீட்டிலும் வேண்டா.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்குரிய பயிற்சி.

முதலாவதாக, அம்மாவின் கூறைச்சேலையைக் காட்டுமாறு கேளுங்கள். பெட்டியொன்றில் எல்லை பல கடந்து வந்த சேலையாக அது இருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு, கரையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்வையாயின், கரையும் உடலும் கூடும் இடத்தில் வாள்பல் போன்ற விளிம்பு தெரியும். கட்டம் போட்ட தாளில் அதனை இழை இழையாக வரையுங்கள். முந்தானைக்குப் புதுப் பாவு தொடுத்த இடத்தையும் கண்டுபிடியுங்கள். சேலை நெடுநாள் ஒரே மடிப்பில் இருந்தால் பட்டு அம்மடிப்பிலே முறியும். பார்த்த பின் வேறு மடிப்பாக மடித்து, ஞெகிழிப் பையில் அன்றி வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வையுங்கள்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் முன்சனின் நவீன ஓவியச்சாலைக்குச் செல்லுங்கள். யு6 வண்டியில் 'ஊனிவெர்சிற்றேற்' நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அங்கே 'நொய சம்லுங்' என்னும் வடிவமைப்பு அருங்காட்சியகம் உள்ளது. ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதன் முன் நின்று, அழகாயிருக்கின்றது என்று எழுதாமல், அது எவ்வாறு செய்யப்பட்டிருக்கும் என்று தமிழில் பத்து வரி எழுதி வாருங்கள்.

மூன்றாவது பயிற்சியை அம்மா அல்லது அப்பா அருகிலிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். சமையலுக்கு உதவாத பழைய பாத்திரம் ஒன்று, வெள்ளைக் கம்பளி நூல் 50 கிராம், அதே அளவு காய்ந்த வெங்காயச் சருகு, மருந்துக்கடையில் 'அலவுன்' எனக் கேட்டால் கிடைக்கும் படிகாரம் சிறிதளவு. நூலை இரு கூறாக்குங்கள். ஒரு கூற்றை 3 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்தெடுங்கள். மற்றதை வெறும் நீரில் நனையுங்கள். சருகை அவித்து வடித்த நீரில் இரண்டையும் ஒன்றாக இட்டு, கொதிக்க விடாமல் மேலும் ஒரு மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டு அலசுங்கள். பின் இரண்டிலும் ஒரு துண்டை வெட்டி, ஒரு மாதம் வெயில்படும் சன்னலில் வைத்து, நிழலில் வைத்த துண்டோடு ஒப்பிடுங்கள். நான்கு துண்டுகளையும் கனத்த தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் நிறத்துக்கும் நீங்களே ஒரு தமிழ்ப் பெயர் சூட்டி, விடுமுறைக்குப் பின் வரும் முதல் வகுப்பில் ஒப்படையுங்கள்.